டொமைன் பெயர் வாங்கும் முன்: டெல்டா சிறுதொழில்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொமைன் பெயரை, அதாவது உங்கள் இணையதளத்தின் முகவரியை, யாரும் கிரயம் செய்து தருவதில்லை. ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை குத்தகைக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். பணம் கட்டத் தவறினால் அடுத்தவர் ஏர் பூட்டிவிடுவார். நம்மூர்க் குத்தகைதாரருக்காவது சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கே பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை, எத்தனை வருடம் உழுதீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பாரம்பரிய அரிசி, திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் விளக்கு, வீட்டு முறுக்கு என்று எதை விற்பவரானாலும், சொந்த முகவரி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பணம் கட்டுவது ஆறாவது படியில்தான் வருகிறது. பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

1. பெயரைப் போனில் சொல்லிப் பாருங்கள்

விதிகள் கொஞ்சம்தான். ஆங்கில எழுத்து 26, எண் பத்து, நடுவில் சிறுகோடு. இடைவெளி கூடாது, அடிக்கோடு கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் இல்லை. புள்ளிக்கு முன்னால் அதிகபட்சம் 63 எழுத்து போடலாம். ஆனால் பெயர் நீண்டுகொண்டே போனால் காதில் விழுந்ததும் நினைவில் நிற்காது.

விதியை விடப் பெரிய சிக்கல், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் இருக்கிறது. பாபநாசம் பக்கம் அச்சு வெல்லம் விற்பவர் ‘வெல்லம்’ என்று பெயர் வைத்தால், ஆங்கிலத்தில் அது ‘வெள்ளம்’ என்றும் படிக்கப்படும். ஐப்பசியில் டெல்டாக்காரர் யாரும் பார்க்க விரும்பாத சொல். ‘பட்டு’ என்றால் ‘பாட்டு’ என்று படிப்பவர் உண்டு. ‘ழ’ இருக்கிற பெயரை ஒருவர் ‘இசட்-எச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘எல்’ போட்டு எழுதுவார். ‘த’வுக்கு ‘டி’ மட்டுமா, ‘எச்’ சேர்க்கவா? நெடிலுக்கு ஒரு ‘ஏ’யா, இரண்டா? ‘வ’வுக்கு ‘வி’யா, ‘டபிள்யூ’வா? கடைப் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ வேறு இருந்தால் அதற்கே மூன்று எழுத்துமுறை புழக்கத்தில் இருக்கிறது. இப்படித் தடுமாற வைக்கும் இடம் ஒரு பெயரில் மூன்று இருந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி என்று வைத்தாலும் எட்டு விதமாக எழுதலாம். வாடிக்கையாளர் அதில் எதை அடிப்பார் என்று உங்களால் சொல்ல முடியாது.

சோதனை எளிது. ஐந்து பேருக்குப் போன் செய்யுங்கள். வீட்டு ஆட்கள் வேண்டாம், அவர்களுக்கு உங்கள் மனதில் இருக்கிற எழுத்து தெரிந்திருக்கும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரர், சென்னையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, “ஆங்கிலத்தில் டைப் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புங்க” என்று கேளுங்கள். நாலு பேர் ஒரே மாதிரி அனுப்பினால் பெயர் தேறியது. மூன்று பேர் என்றால் இரண்டாவது எழுத்துமுறையையும் சேர்த்து வாங்க வேண்டும், வருடச் செலவு இரட்டிக்கும். அதற்கும் குறைவென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. குடமுருட்டி அருமையான ஆறு. ஆனால் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள்.

சிறுகோடு வேண்டாம். “நடுவுல ஒரு கோடு போடுங்க” என்றால் பாதிப் பேர் அடிக்கோடு போடுவார்கள், தளம் திறக்காது. எண்ணும் வேண்டாம், ‘நாலு’ என்பது இலக்கமா எழுத்தா என்ற விளக்கம் ஒவ்வொரு போனிலும் தொடரும்.

எழுதச் சுலபமான பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘சம்பா’வை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். கூகுளில் தேடினால் பிரேசில் நடனம் வரும், அதே பெயரில் ஒரு மென்பொருள் வரும், ஜம்முவில் ஒரு மாவட்டமே வரும். உங்கள் அரிசி எத்தனாவது பக்கத்தில் வருமோ. ‘டெல்டா’ என்றால் அமெரிக்க விமான நிறுவனம். இப்படிப்பட்ட சொல் பிடித்திருந்தால் தனியாக வைக்காதீர்கள். பக்கத்தில் நெல், வயல், மில், தறி என்று உங்கள் தொழிலின் சொல் ஒன்றைச் சேருங்கள்.

2. ஊர்ப்பெயர் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கவனத்தோடு. காவிரியை ‘கே’யில் தொடங்குபவர்களும் உண்டு, ஆங்கிலேயர் பழக்கிவிட்ட ‘சி’யில் தொடங்குபவர்களும் உண்டு, அரசு ஆவணங்களிலேயே இரண்டும் கிடக்கின்றன. தஞ்சாவூருக்குத் தஞ்சை, தஞ்சாவூர், டான்ஜோர் என்று மூன்று வடிவம். கும்பகோணத்தை எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ‘குடந்தை’ என்று போனால் அந்த அதிர்ஷ்டம் போய்விடும்.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் நிலையானவை என்று நினைக்காதீர்கள். மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமும் ஆனது. அதற்கு முன் ‘நாகை மாவட்டம்’ என்று பெயருக்குள்ளேயே வைத்த சீர்காழிக் கடைக்கு இன்று அது பொருந்தாத சட்டை.

சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நீங்களே செய்பவராக இருந்தால், அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டு பெயரில் வைப்பது பலம். வேறு ஊரில் வார்த்த விளக்கை வாங்கி விற்பவர் நாச்சியார்கோயில் என்று டொமைன் வைத்தால் வம்பு.

சரக்கின் பெயரை மட்டும் வைப்பதிலும் யோசனை வேண்டும். இன்றைக்குக் கருப்பு கவுனி மட்டும்தான் விற்கிறீர்கள் என்று அதையே பெயராக்கினால், அடுத்த வருடம் செக்கு எண்ணெய் சேர்க்கும்போது பெயர் இடிக்கும்.

3. புள்ளிக்குப் பின்னால்: டாட் காமா, டாட் இன்னா?

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால், அதாவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவுக்குப் பார்சல் போகிறதென்றால், டாட் காம். உள்ளூர், உள்நாட்டு வியாபாரம் என்றால் டாட் இன் போதும். இரண்டும் காலியாக இருந்து, பணமும் இருந்தால், இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். நீங்கள் விரும்பும் பெயரின் டாட் காம் ஏற்கெனவே அதே சரக்கை விற்கும் வேறொருவரிடம் இருந்தால் டாட் இன்னை வாங்காதீர்கள். மக்கள் பழக்கத்தில் டாட் காம் என்றுதான் அடிப்பார்கள். நீங்கள் செய்கிற விளம்பரம் அவருக்குப் போகும்.

டாட் கோ டாட் இன் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பதிவு செய்த கம்பெனியாக இருக்கவேண்டும் என்பதில்லை. டாட் ஓஆர்ஜி டாட் இன்னும் அப்படியே. டாட் கவ் டாட் இன், டாட் ஏசி டாட் இன் போன்றவை அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்கியவை.

டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் வகையறாக்களை முதல் வருடம் நூறு ரூபாய்க்குத் தருவார்கள். இரண்டாம் வருடப் பில்லைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரியும். சிலவற்றுக்கு அது ஆயிரங்களில் இருக்கும். எதை வாங்கினாலும் ‘புதுப்பிப்புக் கட்டணம்’ என்ன என்று தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

4. தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். ‘டாட் இந்தியா’ தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. டாட் காமுக்கு முன்னாலும் தமிழ்ப் பெயர் வரலாம். ஆனால் இதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள், முதல் பெயராக வேண்டாம். உள்ளுக்குள் இணையம் தமிழ் எழுத்தை ‘எக்ஸ்-என்’ என்று தொடங்கி இரண்டு சிறுகோடு போட்ட ஆங்கிலக் குறியீடாகத்தான் வைத்திருக்கிறது. சில செயலிகளில் லிங்க்கைப் பகிரும்போது அந்தக் குறியீடே தெரியும். பார்ப்பவர் மோசடி லிங்க் என்று பயந்து தொடமாட்டார். அந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்தால் பல படிவங்கள் ஏற்காது.

இன்னொரு கண்ணி, கண்ணுக்குத் தெரியாதது. ‘கௌ’ என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம். ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டும் பலர் அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஸ்ரீ’க்கும் இதே கதை, யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். தமிழ்ப் பெயரில் இவை இரண்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அந்தப் பெயருக்கு முன்கதை உண்டா?

காலி நிலம் என்று வாங்கினால் வில்லங்கம் பார்க்காமல் வாங்குவோமா? இங்கும் பார்க்க வேண்டும், மூன்று இடத்தில்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போட்டால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். சூதாட்டம், ஆபாசம் என்று ஏதாவது ஓடியிருந்தால் விடுங்கள். பழைய உரிமையாளர் சேர்த்த கெட்ட பெயரைத் தேடுபொறிகளும் மின்னஞ்சல் வடிகட்டிகளும் லேசில் மறக்காது.

இந்திய வணிகச்சின்னப் பதிவகத்தின் தேடல் பக்கம் இலவசம். சரக்குகளையும் சேவைகளையும் அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி, மசாலா, காபி 30ஆம் வகுப்பு. துணி 24, உடை 25. ஓட்டல், மெஸ் 43. உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள், அதே ஒலி வரும் பெயர்களையும் தேடுங்கள். பதிவான சின்னத்தோடு மோதினால் டொமைன் காலியாக இருந்து வாங்கியது ஒரு வாதமாகாது. டாட் இன்னுக்கும் டாட் காமுக்கும் தனித்தனிப் பிணக்குத் தீர்வு முறை இருக்கிறது, தோற்றால் பெயர் கைமாறும். நீங்களே சின்னம் பதிய நினைத்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். வக்கீல் கட்டணம் வேறு.

மூன்றாவது, இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் அதே பெயர் கிடைக்கிறதா என்பது. கிடைக்காவிட்டால் பெயரை விடவேண்டும் என்றில்லை. அங்கே இருப்பவர் உங்கள் தொழிலா என்று மட்டும் பாருங்கள்.

6. வாங்கும் நாள்

டொமைன் விற்கும் நிறுவனத்தைப் பதிவாளர் என்பார்கள். தளத்தை ஓடவிடும் ஹோஸ்டிங்கும் டொமைனும் ஒரே இடத்தில் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. பிரித்து வாங்குவது நல்லது. ஹோஸ்டிங் சரியில்லை என்று மாறும்போது பெயர் பிணையாக மாட்டிக்கொள்ளாது. ‘ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்’ என்பதில் இலவசம் முதல் வருடத்துக்கு மட்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதாரில் உள்ளபடியே பெயரும் முகவரியும், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சல், உங்கள் சொந்தக் கைபேசி எண், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண். டாட் இன்னுக்குப் பல நிறுவனங்கள் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். பெயரின் இனிஷியல் ஆதாரில் பின்னால் இருந்து நீங்கள் முன்னால் போட்டால்கூட இழுபறியாகலாம்.

செலவு, தோராயமாக: டாட் காம் புதுப்பிப்பு வருடத்துக்கு 1,000 முதல் 1,600 ரூபாய், டாட் இன் 600 முதல் 1,000, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 99 ரூபாய் விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் சேர்த்து வாங்கினால்தான் பொருந்தும். பில்லில் வருடத்தைப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் டிக் செய்யப்பட்டுக் கிடப்பவற்றை எடுத்துவிடுங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாக வரும், நல்ல ஹோஸ்டிங்கில் தானாகவே போட்டுத் தருவார்கள். தளம் கட்டும் கருவி, தேடுபொறிப் பதிவு, ‘பிரீமியம் டிஎன்எஸ்’ (டிஎன்எஸ் என்பது பெயரைத் தளத்தோடு இணைக்கும் அமைப்பு) எதுவும் முதல் நாளில் தேவையில்லை. டாட் காமுக்கு உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவையைப் பல நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாட் இன்னுக்கு அந்தச் சேவைக்கு அனுமதி இல்லை. வாங்கிய மறுநாளிலிருந்து “வெப்சைட் பண்ணித் தரட்டுமா” என்று போன் வந்தால் திகைக்காதீர்கள்.

வெளிநாட்டு நிறுவனத்தில் வாங்கினால் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்கவேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை நம்ப முடியாது. வங்கியின் கூடுதல் சரிபார்ப்பில் தடைபட்டு நின்றுவிடும். யுபிஐ வாங்கும் இந்திய நிறுவனம் நமக்குச் சௌகரியம்.

7. யார் பேரில்?

கெட்டுப்போகும் இடங்களில் முதல் இடம் இதற்குத்தான். தளம் செய்து தருகிற தம்பி நல்ல பிள்ளையாக இருப்பார். “நானே வாங்கிடறேன்ணே” என்பார். அவர் கணக்கில், அவர் மின்னஞ்சலில், அவர் பேரில் பெயர் பதிவாகும். மூன்று வருடம் கழித்து அவர் துபாய்க்கோ பெங்களூருக்கோ போவார், எண் மாறும், புதுப்பிப்பு நினைவூட்டல் அவர் பார்க்காத இன்பாக்ஸில் விழும். அரிசிப் பையில் அச்சடித்த கியூஆர் கோடு அப்போதும் அதே முகவரிக்குத்தான் போகும், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம்.

கணக்கை நீங்களே தொடங்குங்கள். தம்பிக்கு டிஎன்எஸ் மாற்ற அனுமதி மட்டும் கொடுங்கள். பல நிறுவனங்களில் கணக்கின் பாஸ்வேர்டைத் தராமலே இந்த அனுமதி தரும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், பெயர் எந்த ஹோஸ்டிங்குக்குப் போகவேண்டும் என்று காட்டும் நேம்சர்வர் முகவரி இரண்டு வரியை அவரிடம் வாங்கி, உங்கள் கணக்கில் நீங்களே ஒட்டுங்கள், ஐந்து நிமிடம். ஏற்கெனவே அவர் பேரில் இருந்தால் உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நிற்கும், கடவுச்சொல் மீட்கும் வழியும் சேர்ந்து அடைபடும். ஓடிபி போகும் எண் விஷயத்திலும் கவனம். வெளிநாடு போகும் வீடுகள் நம் பக்கம் அதிகம்; உள்ளூர் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் ரத்தாகலாம். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்தால் அதன் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கூட்டாக நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழு என்றால் பதிவு அமைப்பின் பேரில் இருக்கட்டும். செயலாளரின் சொந்த மின்னஞ்சலைப் போட்டால், நிர்வாகம் மாறும்போது டொமைனும் அவரோடு போகும்.

8. வாங்கிய பிறகு

டாட் காம் வாங்கினால் மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். தளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து இரண்டு வாரத்தில் திடீரென நின்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான்.

நேம்சர்வர் மாற்றினால் உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். கடை திறப்பு, கண்காட்சி என்று தேதி குறித்திருந்தால் ஒரு வாரம் முன்னதாக மாற்றுங்கள். முகூர்த்த நாளன்று காலையில் வேண்டாம்.

டாட் காம் பெயரை வாங்கிய 60 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. பிறகு மாற்றுவதென்றால், பெயரை யாரும் நகர்த்தாதபடி கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கி, புதிய இடத்தில் கொடுக்கவேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், கூடவே ஒரு வருடம் நீட்டிப்பும் சேரும். உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் 60 நாள் பூட்டு விழக்கூடும் என்பதால், மாற்றுவதை முதலில் முடித்துவிட்டுப் பெயரைத் திருத்துங்கள்.

9. காலாவதி

டாட் காம் காலாவதியானால் நடப்பது இது. சில நாளில் தளம் நின்றுவிடும். அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க நிறுவனம் அனுமதிக்கலாம். எத்தனை நாள் என்பது அவர்கள் இஷ்டம், அந்தக் காலத்திலேயே ஏலத்துக்கும் விடலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் புதுப்பிப்போடு ஆயிரக்கணக்கில் அபராதமும் கட்டவேண்டும். கடைசியாக ஐந்து நாள் யாரும் தொட முடியாது. பிறகு முந்துகிறவருக்கு. டாட் இன்னிலும் ஏறக்குறைய இதே படிகள்தான்.

காலாவதித் தேதி நீங்கள் வாங்கிய தேதியின் ஆண்டு நிறைவு. அது ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஓடிபிக்குக் காத்திருக்க முடியாது. முன்கூட்டியே புதுப்பித்தால் நாள் ஏதும் நட்டமாகாது, இருக்கிற காலாவதித் தேதியோடு வருடம் கூடும். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் மாசியில் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது டெல்டா கணக்குக்கு ஒத்துவரும். பத்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டாதீர்கள். இடையில் மின்னஞ்சல் மாறி, எண் மாறி, கணக்கு எங்கே என்பதே மறந்துபோகும்.

நினைவூட்டல் மின்னஞ்சல்களில் போலியும் வரும். ‘உங்கள் டொமைனின் தேடுபொறிப் பதிவு காலாவதி’ என்று பயமுறுத்தி, பில் மாதிரியே ஒன்றை அனுப்புவார்கள். எந்த மின்னஞ்சலில் உள்ள லிங்க்கையும் சொடுக்கிப் பணம் கட்டாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள்.

10. பீரோவில் வைக்கவேண்டிய ஒரு தாள்

எந்த நிறுவனத்தில் வாங்கியது, கணக்கு மின்னஞ்சல், பதிவில் உள்ள கைபேசி எண், காலாவதித் தேதி, ஹோஸ்டிங் எங்கே, முதல் பில்லின் அச்சுப் பிரதி, மீட்புக் குறியீடுகள். கடவுச்சொல்லை இதில் எழுதாதீர்கள். பட்டா, சிட்டா நகல் வைத்திருக்கும் அதே கவரில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள்.